சாதிக்காய் தானாகப் பேசிய மதியங்கள்

மாத்தளையில் தண்டவாளம் முடிகிறது. அதற்கு மேல் போக வழியில்லாமல் ஒரு கட்டையில் முட்டி நிற்கிறது. என் சலூன் ஸ்டேசனுக்குக் கூப்பிடு தூரம். நாற்காலியில் உட்கார்ந்தால் கண்ணாடிக்குள்ளேயே அந்தக் கட்டை தெரியும். அதைப் பார்த்தபடி முகம் வழிக்கக் கொடுக்கிறவர்கள், பேச்சை எங்கே தொடங்கினாலும், கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்பார்கள். இந்த ஊர் வளர்ந்து பெருக்குமா, இல்லை இப்படியே கிடக்குமா?

நான் பள்ளிக்கூடத்தை அதிகம் பார்க்காதவன். வாடிக்கைக்காரர்களுக்காக வாங்கிப் போட்ட பத்திரிகையை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கப் பழகினேன். ஏற்றுமதி, இறக்குமதி, அபிவிருத்தி எல்லாம் எனக்குக் கத்திரிச் சத்தத்தோடு வந்து சேர்ந்த சொற்கள். மீதியை ஆட்கள் வாயிலிருந்து பொறுக்கிக்கொண்டேன். பத்திரிகைக்காரன் ஒரு பக்கம் எழுதுவதை எங்கள் ஆட்கள் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு எழுந்து போவார்கள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. வெளிநாட்டு மிளகாயையும் வெங்காயத்தையும் அரசாங்கம் நிறுத்தியிருந்தது. லக்கலையிலும் வில்கமுவயிலும் காட்டை எரித்துச் சேனை வெட்டி மிளகாய் போட்டவர்கள், எப்போதாவது ஓடும் பஸ்ஸைப் பிடித்து, தோளில் புது ரேடியோ பாட வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அதே ஊரில்தான் விடியும் முன்னே ரொட்டிக்காகப் பாண் கடை வாசலில் வரிசையும் நின்றது. லக்கலைக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார்:

"இடுப்புல காசு இருக்கு, வயித்துல காத்து இருக்கு. இதுக்குப் பேருதான் அபிவிருத்தியாண்ணே?"

பக்கத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா இதற்கெல்லாம் ஒரு கணக்கு வைத்திருந்தார். வியாபாரம் மந்தமான பிற்பகலில் வந்து, ஆட்கள் காத்திருக்கும் என் மர வாங்கில் சாய்ந்துகொள்வார்.

"மிளகு, கொக்கோ, கராம்பு எல்லாம் இங்க வெளையுது. வெளைஞ்சதும் ரயிலேறிப் போயிருது. சரக்கு போற ஊரு பெருக்காது தம்பி. வந்துட்டுப் போறவனால டீக்கடைதான் பெருக்கும். வெளியாள் வந்து தங்கணும். தங்குறவனாலதான் ஊரு பெருக்கும்."

தங்குகிறவர்களும் வரத்தான் செய்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் ஓடும் ஆற்றை மலைக்கு அடியிலேயே சுரங்கம் தோண்டி எங்கள் பக்கம் திருப்பப் போகிறார்கள் என்று வேலை தொடங்கியது. உக்குவளையில் தண்ணீர் வெளியே வரும், அதில் கரண்ட் எடுப்பார்கள், கரண்ட் வந்தால் தொழிற்சாலை வரும், தொழிற்சாலை வந்தால் தண்டவாளமும் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு வடக்கே போகும். சலூனில் ஆளுக்கொரு மாடியாக அந்த ஊரைக் கட்டிக்கொண்டே போனார்கள். வெள்ளைக்காரத் துரைமார், இஞ்சினியர்கள், கிளாக்குமார், தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து கிளம்பிய இளந்தாரிகள் என்று ஆட்கள் வந்து குவிந்தார்கள்.

எங்கள் வீடு உக்குவளையைத் தாண்டி, வத்தேகமைக்குப் போகும் ரோட்டோரம், ஒரு மேட்டில் இருந்தது. என் மனைவிக்கு அவளுடைய தாய்வழியில் வந்த வீடு. பழைய ஓடு, அகலமான சிமெந்து முற்றம், பின்னால் கருங்கல் கட்டிய கிணறு. என் மச்சான், அவளுடைய அண்ணன், பலசரக்கு வாங்கி விற்கிறவர். சுரங்க வேலை தொடங்கிய நாளிலிருந்து அவருக்கு எங்கள் வீட்டைப் பார்த்தால் வீடு தெரியவில்லை.

"மாப்புள்ள, கண்ண மூடிப் பாருங்க. கீழ வரிசையா கட. மேல அற, அற, அற. ஒவ்வொரு அறையிலயும் ஒரு கிளாக்கரு. காலையில அத்தன பேரும் ஷேவ் எடுக்கணும். சலூன இங்கயே இறக்கிருவோம்."

"கண்ண மூடினா எனக்கு ஓட்டு ஒழுக்குத்தான் மச்சான் தெரியுது."

"அதனாலதான சொல்றேன், இடிச்சிருவோம்னு."

என் மனைவி அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்கு விருப்பமில்லை என்பது அவள் தேங்காய் துருவுகிற சத்தத்திலேயே தெரிந்தது. ஆனால் அண்ணனை முகத்துக்கு நேரே மறுத்துப் பழக்கமில்லாதவள். அந்த வருடம் மச்சான் கையிருப்பை எல்லாம் சாதிக்காயில் போட்டிருந்தார். கொழும்பில் விலை ஏறப் போகிறது என்று அவருக்கு உறுதி. அவருடைய கடைக்குப் பின்னால் இடம் போதாமல் காய்களை எங்கள் முற்றத்தில்தான் பாயில் விரித்துக் காயப்போட்டிருந்தார். அதைக் காட்டி அவள் சொன்னாள்:

"இந்தக் காய் நல்லபடியா வித்து வரட்டும்ணே. வந்தா இடிச்சுக்கங்க. வராட்டி இந்தப் பேச்ச எடுக்கக் கூடாது."

மச்சானும் தலையாட்டினார். அப்படியாக எங்கள் வீடு நிற்பதும் விழுவதும் பாயில் கிடந்த சாதிக்காயின் பொறுப்பாகிவிட்டது.

சாதிக்காய் காய்ந்ததா என்று பார்க்க எங்கள் பக்கத்தில் காதுதான் கருவி. மேலே இருக்கும் சிவப்புப் பத்திரியை உரித்துவிட்டு ஓட்டோடு வெயிலில் போடுவார்கள். நாள்பட உள்ளே பருப்பு சுருங்கி ஓட்டை விட்டு விலகும். கையில் ஒரு பிடி எடுத்துக் காதோரம் குலுக்கினால் கடகடவென்று ஆடும். "காய் பேசிருச்சு" என்பார்கள். பேசினால் மூட்டை கட்டலாம். பேசாத காயைக் கட்டினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

செவ்வாய்க்கிழமை சலூன் பூட்டு. அப்படி ஒரு செவ்வாய் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உள் அறையில் படுத்திருந்தேன். முற்றத்தில் யாரோ காயைக் குலுக்கினார்கள். மச்சான் வந்துவிட்டார் என்று எழுந்து போனேன். மச்சான் இல்லை. என் மனைவி வாசற்படியில் நின்று, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உச்சி வெயில். காக்கை கூட இல்லை. பாய் நிறையக் கிடந்த காய்கள் தாங்களாகவே மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. கடகடவென்று இல்லை. கலியாண வீட்டில் மாப்பிள்ளை வரும் முன்பு பெண்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்களே, அப்படி ஒரு முணுமுணுப்பு. பாயின் ஒரு முனையில் தொடங்கி மற்ற முனைக்குப் போய், திரும்பி வந்து, நின்றது.

"எத்தன நாளா?" என்று கேட்டேன்.

"நீங்க சலூனுக்குப் போனப்பறம் தெனமும்."

"சொல்லவே இல்லையே."

"சொன்னா எனக்குத்தான் கிறுக்குன்னு சொல்வீங்க. இப்ப ரெண்டு பேருக்கும்."

சுரங்கத்து வெடிதான் என்று நான் சொன்னேன். எங்களுக்கு அடியில் வந்துவிட்டார்கள் போல என்று சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு கை கழுவக் கிணற்றடிக்குப் போனபோது எட்டிப் பார்த்தேன். தண்ணீர் மேல் வட்டம் வட்டமாக அலை விழுந்துகொண்டிருந்தது. கல் விழுந்தால் அலை நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும். இது விளிம்பிலிருந்து நடுவுக்கு வந்துகொண்டிருந்தது.

மச்சானுக்கு ஆள் அனுப்பினேன். மறுநாளே வந்து, மத்தியானம் வரை காத்திருந்து, கேட்டார். எங்களுக்குப் புல்லரித்தது. அவருக்கு முகம் மலர்ந்தது.

"இதுக்கு மேல என்ன வேணும்? என் ஆயுசுல ஒரு பாய் மொத்தமும் ஒண்ணாப் பேசிக் கேட்டதில்ல. காய் காஞ்சிருச்சு தங்கச்சி. மழைக்கு முந்தி கட்டிருவோம்."

அந்த முணுமுணுப்பைக் கேட்ட பிறகு ஒரு காயைத் தனியாக எடுத்துக் காதில் வைக்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. காதால் பிழைக்கிற சனங்கள் காதை நம்பினோம், அவ்வளவுதான். அன்று மாலையே மூட்டை கட்டி, சாக்குகளை எங்கள் முன்னறையில் அடுக்கினோம். விலை ஏறும் வரை அங்கே இருக்கட்டும் என்றார் மச்சான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுரங்கத்தில் வேலை செய்யும் ஒரு இளைஞன் முகம் வழிக்க வந்தான். தோட்டத்திலிருந்து போனவன். உள்ளே துளை போடும் மெசினில் நிற்கிறவன். வாரம் தவறாமல் வருவான். சவர்க்கார நுரையைப் பூசிக்கொண்டே நான் வம்புக்கு இழுத்தேன்.

"எங்க வீட்டுக்கு அடியில வந்துட்டீங்க போல தம்பி. ஒரு வார்த்த சொல்லிட்டு வரக்கூடாதா? பொம்பளைங்க இருக்குற வீடு."

வாங்கில் இருந்த நானா சிரித்தார். அவனும் சிரித்துக்கொண்டே கேட்டான், "உங்க வீடு எங்கண்ணே?"

ரோட்டு வளைவைச் சொன்னேன், வாசல் பலா மரத்தைச் சொன்னேன். கண்ணாடிக்குள் அவன் சிரிப்பு நின்றது.

"அந்த மேட்டுக்கா? அங்க நாங்க இன்னும் வரலையேண்ணே. வர்றதுக்கு நெறையக் காலம் கெடக்கு."

"தூரத்து வெடி அதிருமில்ல?"

"அதிரும். எந்த நேரம் கேக்குது?"

"மத்தியானம். நான் சலூன்ல இருக்கப்ப தெனமும் கேட்டுச்சாம். போன ஞாயித்துக்கெழம கூட."

"ஞாயித்துக்கெழம வெடி இல்லண்ணே. இந்தா, நான் இங்க உக்காந்திருக்கேன்ல."

கத்தியை அவன் தொண்டைக்குப் பக்கத்தில் பிடித்திருந்தேன். கையை எடுத்துக்கொண்டேன். நானா வாங்கிலிருந்து எழுந்து, உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அவ்வளவு நேரம் ஊரை மாடி மாடியாகக் கட்டிக்கொண்டிருந்த சலூனில், கொஞ்ச நேரம் ஒருவரும் ஒன்றும் கட்டவில்லை.

அந்த வாரமே கிணறு வற்றியது. கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குமே, அப்படி இல்லை. காலையில் என் மனைவி தண்ணீர் மொண்டாள். மத்தியானம் வாளியை இறக்கியபோது கயிறு போய்க்கொண்டே இருந்ததாம். வாளி தரையில் தட்டிய சத்தம் கேட்டது. வெளியே எடுத்தால், வாளி ஈரமில்லை, சூடாக இருந்தது. வீட்டுக்கு ஒருவர் கருத்துச் சொன்னார்கள். கீழ்வீட்டுச் சிங்கள அம்மா தோஷம் கழியத் தேசிக்காய் வெட்டி உள்ளே போட்டார். லயத்துப் பக்கத்துப் பெண்கள் கிணற்றுக் கட்டின் கல்லிடுக்கில் வேப்பிலை செருகினார்கள். நானா ஓதிய தண்ணீரை ஒரு போத்தலில் கொடுத்துவிட்டார். அதையும் ஊற்றினோம். யாருடைய மனதையும் நோகடிக்க வேண்டாமே.

ஒரு செவ்வாய்க்கிழமை, இராவேலை முடித்து வந்த அந்த இளைஞனைக் கூட்டிப் போய்க் காட்டினேன். கிணற்றுக்குள்ளிருந்து காற்று மேலே வந்துகொண்டிருந்தது. என் மனைவி அதற்குள் அதைக் கவனித்து வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் வெளியே வரும், கொஞ்ச நேரம் உள்ளே போகும். அவன் கிணற்றுக் கட்டின் மேல் கையூன்றிக் குனிந்து மூச்சை இழுத்தான். இழுத்தவன் உடனே நிமிர்ந்தான்.

"என்ன தம்பி?"

"கல்லுத் தூளு. வெடி மருந்து." மறுபடி முகர்ந்தான். "பீடி. இது எங்க உள்ளுக்க இருக்குற வாசமுண்ணே."

"உங்காளுங்க வந்துட்டாங்களா அப்ப?"

"அங்க நிக்கிறதே நாங்கதானண்ணே. எங்க நிக்கிறோம்னு எங்களுக்குத் தெரியாதா?"

தேத்தண்ணி போட்டிருக்கிறாள், குடித்துவிட்டுப் போ என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்குக்கூட நிற்காமல், வெயிலில் நடந்தே போனான். அதன் பிறகும் சலூனுக்கு வருவான். ஆனால் கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டான். நானும் கேட்டதில்லை.

இத்தனைக்கும் மச்சான் அசையவில்லை. சாதிக்காய் விலை உண்மையாகவே ஏறத் தொடங்கியிருந்தது. கொழும்பு முதலாளி ஒருவர் லொறி அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். லொறி வரும் நாளிலேயே புது மாடிக்கு அளவு பிடித்து முளையும் அடித்துவிடலாம் என்று மச்சான் வீடு கட்டும் ஒரு மேசன் பாஸைக் கூட்டிக்கொண்டு வந்தார். பாஸ் சிங்களவர், நல்ல தமிழ் பேசுவார், நல்ல நேரம் பார்க்காமல் கரண்டியைத் தொடாதவர். நல்ல நேரம் உச்சிப் பொழுதில் வந்தது.

பாஸ் கயிறு பிடித்தார். கிணற்றுக்கும் வீட்டுக்கும் நடுவே பலாக்கட்டை முளையை ஊன்றிச் சுத்தியலால் ஓர் அடி அடித்தார்.

கீழேயிருந்து ஓர் அடி கேட்டது.

பாஸ் என்னைப் பார்த்தார். நான் மச்சானைப் பார்த்தேன். "எதிரொலி பாஸ், அடிங்க," என்றார் மச்சான். பாஸ் இரண்டு அடி அடித்தார். கீழேயிருந்து இரண்டு அடி வந்தது. அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக, சரியான இடைவெளி விட்டு. மூன்றாவது முறை பாஸ் அடிக்கவில்லை. சுத்தியலை ஓங்கியபடியே நின்றார். கீழேயிருந்து ஓர் அடி மட்டும் வந்தது. அடிக்காமல் விட்டதற்கு ஏன் என்று கேட்பதுபோல.

பாஸ் சுத்தியலைப் பையில் போட்டார். கயிற்றைச் சுருட்டினார்.

"கோவிச்சுக்காதீங்க முதலாளி. கீழ வேல நடக்குது. வேல நடக்குற எடத்துல நான் வேல எடுக்க மாட்டேன்."

"யாரு வேல பாஸ்?"

"அத அவங்ககிட்டத்தான் கேக்கணும்."

மச்சான் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ரோட்டில் லொறி வந்து நின்றது. எல்லோருக்கும் அது ஆறுதலாக இருந்தது. லொறிச் சத்தம் மனிதச் சத்தம். கொழும்பிலிருந்து வந்த ஆள் முன்னறைக்கு வந்து, ஒரு சாக்கின் வாயைப் பிரித்து, கையை உள்ளே விட்டார். விட்ட கையை வெளியே எடுத்துப் பார்த்தார். விரலெல்லாம் வெள்ளை. அடுத்த சாக்கு, அதற்கடுத்த சாக்கு. ஒரு காயை உடைத்துக் காட்டினார். பருப்பு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு, பச்சை ஈரத்தோடு, பூஞ்சை போர்த்துப் படுத்திருந்தது.

மச்சான் ஒரு பிடியை அள்ளிக் காதோரம் குலுக்கினார். ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு பிடி. அதுவும் ஊமை. காய்ந்த காய் அந்த மூட்டைகளில் ஒன்றுகூட இல்லை. அன்று பாயில் பேசியது பருப்பு இல்லை. தரை ஆடியிருக்கிறது, காய்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருக்கின்றன. தரை ஏன் ஆடியது என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை.

லொறி வெறுமையாகத் திரும்பிப் போனது. மச்சான் சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பொய் சொல்லிருச்சே மாப்புள்ள."

என் மனைவி அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"அது நம்மகிட்ட பேசலண்ணே. அதுங்களுக்குள்ள பேசிக்கிச்சு. நாமதான் ஒட்டுக் கேட்டோம்."

அவர் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். பிறகு கேட்டார்: "சந்தோஷமா தங்கச்சி, வீடு தப்பிச்சிருச்சுன்னு?"

"உங்க காய் போனதுக்கு நான் ஏன் சந்தோஷப்படப் போறேன்? ஆனா அண்ணே, ஆளில்லாத எடத்துல வீடு கட்டலாம். ஆளுக்கு மேல எப்படிக் கட்டுறது?"

அதற்குப் பிறகு மச்சான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். பூஞ்சைக் காயை அடிவாரத்துத் தோட்டத்தில் எருவாகக் கொட்டினோம். அடுத்த வருடம் மிளகில் நிமிர்ந்துகொண்டார். ஆனால் அவரிடம் காய் விற்க வருகிறவர்கள் சிரிப்பார்கள். ஒவ்வொரு காயையும் தனித்தனியாகக் காதில் வைத்துக் குலுக்குவார். "முதலாளி காய்கிட்ட சுகம் விசாரிக்கிறாரு" என்று ஊருக்குள் ஒரு பேச்சே வந்துவிட்டது.

வெகுகாலம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சுரங்கத்து இளைஞன் நாற்காலியில் உட்கார்ந்தான். நுரை பூசி முடித்ததும் சொன்னான்:

"போன வாரம் உங்க வீட்டுக்கு அடியில போயிட்டோமுண்ணே."

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரு கோப்பைகூட அதிரவில்லை. முற்றத்தில் என் மனைவி கொஞ்சம் கொக்கோ காயப்போட்டிருந்தாள். அதுவும் அசையவில்லை. கிணற்றிலிருந்து மூச்சுக்கூட வரவில்லை.

"அங்க ஏதாச்சும் இருந்துச்சா தம்பி?" என்று கேட்டேன்.

"கல்லுத்தான்." கண்ணை மூடிக்கொண்டான். "நாங்க ஒரு நிமிசம் மெசின நிப்பாட்டினோம். மேல யாரோ தட்டுற மாதிரி இருந்துச்சு. ஒண்ணு. அப்புறம் ரெண்டு."

நான் கத்தியைத் தீட்டும் தோல் வாரில் மறுபடி தீட்டினேன். தீட்ட வேண்டிய தேவை இல்லாமலே.

தண்ணீர் வந்தது. உக்குவளையில் கரண்டும் எடுத்தார்கள். துரைமார் ஊருக்குப் போனார்கள், கிளாக்குமார் மாற்றலாகிப் போனார்கள், இளந்தாரிகள் வேறு மலைக்குப் போனார்கள். தங்குகிறவனால்தான் ஊர் பெருக்கும் என்று சொன்ன நானா, வாங்கில் சாய்ந்து, "தங்குனாங்க, ஆனா இருக்கல," என்றார். எங்கள் ரோட்டில் மச்சான் நினைத்த மாதிரியே இரண்டொருவர் மாடி கட்டியிருந்தார்கள். கீழே கடை, மேலே அறை, அறை, அறை. மேல் அறைகளில் மிளகு மூட்டைதான் குடியிருந்தது. சாயங்காலம் பஸ்ஸில் போகும்போது அந்த ஜன்னல்களைப் பார்த்தால், ஊர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, யாரும் இல்லை என்று திரும்பிப் போன மாதிரி இருக்கும். மாத்தளை பெருத்ததா என்றால், பெருத்தது. யாரும் சொல்லாத பக்கத்தில், மிளகாய்க்காரன் வாங்கிய துணியிலும் தகரத்திலும் சைக்கிளிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்தது. தண்டவாளம் மட்டும் அதே கட்டையில் முட்டி நிற்கிறது.

எங்கள் கிணற்றில் தண்ணீர் திரும்பி வரவில்லை. குழாய் வந்த பிறகு, பிள்ளைகள் விழுந்துவிடப் போகிறார்கள் என்று பலகை வாங்கிவந்து மூட உட்கார்ந்தேன். என் மனைவி பக்கத்தில் நின்று ஆணி எடுத்துக் கொடுத்தாள். கடைசிப் பலகையை வைக்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது வேணாம். அந்த எடத்த விட்டுருங்க."

"எதுக்கு? குப்பை விழும்."

"விழுந்தா விழட்டும். அவங்களுக்கு மூச்சு விட வேணாமா?"

அந்தப் பலகை இன்னும் வீட்டின் கோடிப்புறத்தில் சாய்ந்தபடி இருக்கிறது. மத்தியானத்தில் அவள் குழாயைத் திறந்து வைத்திருந்தால், ஒரு நேரம் வரும்போது மூடிவிடுவாள். பாத்திரத்தைக் கழுவாமல் கையில் வைத்துக்கொண்டு, கிணற்றுப் பக்கம் காது கொடுத்துக் கொஞ்ச நேரம் நிற்பாள். நானும் செவ்வாய்க்கிழமைகளில் பத்திரிகையை மடித்து வைத்துவிடுவேன்.